ஆப்ட் மறுத்தால், இனிட் முரண்பட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், டிடிபி கடை, பள்ளிக்கூட லேப் என்று லினக்ஸ் ஓடும் இடங்களில் கணினிகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் டெபியன், உபுண்டு, மின்ட், எம்எக்ஸ், டெவுவான் என்ற லினக்ஸ் வகைகள். ஒரே மாதிரிக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஆப்ட் என்பது மென்பொருள் பேக்கேஜுகளை நிறுவும், நீக்கும் கருவி. இனிட் என்பது கணினி ஏறும்போது முதலில் ஓடி மற்ற சேவைகளைத் தொடங்கும் புரோகிராம், சிஸ்டம்டியும் சிஸ்வி-இனிட்டும் அதன் வகைகள். பேக்கேஜ் சண்டை எதுவானாலும் "சிஸ்டம்டியைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இனிட்டில் கைவைக்காதீர்கள். நான் பார்த்த கேஸ்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மின்வெட்டு, கலப்பட ரெப்போ (பேக்கேஜ் இறக்கும் களஞ்சியங்கள் பொருந்தாமல் கலந்திருப்பது), நிறைந்த டிஸ்க் ஆகிய மூன்றில் ஒன்று.

கட்டளைகளை வாய்விட்டுச் சொல்வது போல எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். 'சிடிஎல்' என்று முடிவதை அந்த மூன்று எழுத்தாகவே அடிக்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

'பிஎஸ் -பி 1 -ஓ காம்=' என்று அடியுங்கள் ('காம்' என்பதில் 'எம்' இரண்டு). 'சிஸ்டம்டி' என்று வந்தால் அதுதான் இனிட். வெறும் 'இனிட்' என்று வந்தால் சிஸ்வி-இனிட்டோ ஓப்பன்ஆர்சியோ ஓடுகிறது. அடுத்து 'கேட் /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ்' கொடுத்து எந்த வெளியீடு என்று குறித்துக்கொள்ளுங்கள். "மின்ட்தான் சார்" என்பார்கள், பார்த்தால் டெபியனை அடிப்படையாகக் கொண்ட எல்எம்டிஇ ஆக இருக்கும். கீழே உள்ள பாதி விடை இந்த இரண்டு கட்டளைகளிலேயே இருக்கிறது. அப்புறம் 'டிஎஃப் -ஹெச்' கொடுத்து, ரூட்டிலும் '/பூட்'டிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால் ரிலீஸ் ஃபைல் 'நாட் வேலிட் யெட்' என்கிறது

பழைய டெஸ்க்டாப்பில் இது வந்தால் பேக்கேஜைத் தேடாதீர்கள், தேதியைப் பாருங்கள். 'டேட்' என்று அடித்தால் சில வருடங்களுக்கு முந்தைய தேதி காட்டும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பின்னுக்குப் போய்விட்டது, பிரவுசரிலும் தளங்கள் திறக்காது.

இப்போதைக்கு 'டேட் -எஸ்' கொடுத்துத் தேதியைச் சரிசெய்து அப்டேட்டை முடியுங்கள். பிறகு பேட்டரியை மாற்றுங்கள். சில பத்து ரூபாய்தான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சிஸ்டம்டி உள்ள கணினியில் நெட் வந்ததும் 'டைம்சிங்க்டி' நேரத்தைச் சரிசெய்துவிடும். சிஸ்வி-இனிட்டில் அது ஓடாது, 'கிரோனி' நிறுவுங்கள். டெபியனில் இந்த நேரச் சேவைகளில் ஒன்றை நிறுவினால் மற்றது நீங்கும். அந்த நீக்கம் இயல்பானது, பயப்பட வேண்டாம்.

அறிகுறி: 'லாக்' கிடைக்கவில்லை என்கிறது

பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. பத்து நிமிடம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் விடவில்லை என்றால் அந்தச் செய்தியிலேயே இருக்கும் புராசஸ் எண்ணை 'பிஎஸ்' கொடுத்து இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். லாக் ஃபைலை அழிக்காதீர்கள். இரண்டு புராசஸ் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பட்டியலில் எழுதினால் பட்டியலே கெட்டுப்போகும்.

அறிகுறி: 'அன்மெட் டிபென்டன்சிஸ்', சார்புகள் நிறைவேறவில்லை

ஒரு பேக்கேஜ் ஓடத் தேவையான வேறு பேக்கேஜுகள்தான் அதன் சார்புகள். எளிதான காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

*பாதி நிறுவலில் கரண்ட் போயிருக்கிறது.* நம்ம ஊரில் முதல் சந்தேகம் இதுதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட் நிறுத்தும் நாளன்று, கடை திறந்ததும் அப்கிரேடைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் இப்படித்தான் ஆகும். 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுங்கள். முடிந்ததும் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. இந்த இரண்டோடு நிறைய கேஸ் முடிந்துவிடும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அப்கிரேட் செய்யும் முன் அன்றைய மின்தடை அறிவிப்பைப் பாருங்கள்.

*'/பூட்' நிறைந்திருக்கிறது.* கர்னல் பேக்கேஜ் பாதியில் நிற்கும், அதைச் சார்ந்த எல்லாமும் கூடவே நிற்கும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' பழைய கர்னல்களைக் கழிக்கும். 'யூநேம் -ஆர்' காட்டும் கர்னலை மட்டும் நீக்கிவிடக் கூடாது.

*பேக்கேஜை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.* 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' கொடுங்கள். ஏதாவது பெயர் வந்தால் அதை ஏன் நிறுத்தினார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு 'அன்ஹோல்ட்' செய்யுங்கள்.

*கலப்பட ரெப்போ.* உண்மையான தலைவலி இங்கே இருக்கிறது. '/ஈடிசி/ஆப்ட்' அடைவில் உள்ள சோர்சஸ் லிஸ்ட்டையும், 'சோர்சஸ்.லிஸ்ட்.டி' உள்ளே இருப்பவை அனைத்தையும் திறந்து வெளியீட்டுப் பெயர்களை ஒப்பிடுங்கள். மின்ட் 22 என்றால் அடியில் இருப்பது உபுண்டு 24.04. அங்கே 'ஜாமி' என்று ஒரு வரி இருந்தால் அது 22.04-க்கானது, தவறு. எல்எம்டிஇ-யில் உபுண்டு பிபிஏ (உபுண்டுவுக்காகத் தனியாட்கள் நடத்தும் கூடுதல் ரெப்போ) எதுவும் இருக்கக் கூடாது.

ஒரு பேக்கேஜ் எங்கிருந்து வந்தது என்பதை 'ஆப்ட்-கேஷ் பாலிசி' கொடுத்து, பின்னால் பேக்கேஜ் பெயரைச் சேர்த்துப் பாருங்கள். நிறுவிய பதிப்புக்கு எதிரே எந்த ரெப்போவும் இல்லாமல் '/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்' மட்டும் இருந்தால் அது அநாதைப் பேக்கேஜ். தவறான வரியை நீக்குங்கள், அப்டேட் கொடுங்கள், அநாதையைச் சரியான பதிப்புக்கு இறக்குங்கள். உபுண்டுவிலும் மின்டிலும் 'பிபிஏ-பர்ஜ்' இந்த வேலையைத் தானே செய்யும்.

*தனியாக இறக்கிய பழைய டெப் (பேக்கேஜ்) ஃபைல்.* பெரும்பாலும் 'லிப்எஸ்எஸ்எல்1.1' கேட்கும், அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க லைப்ரரியின் பழைய பதிப்பு. டெபியன் 12-இலும் உபுண்டு 22.04-இலும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்துவிட்டது, 1.1 கிடையாது. அதற்காகப் பழைய வெளியீட்டின் ரெப்போவைச் சேர்த்தால் மேலே சொன்ன கலப்படத்தில் போய் விழுவீர்கள். மென்பொருளின் புதிய டெப் இருக்கிறதா, ஃபிளாட்பேக் (தன் சார்புகளோடு தனியாக வரும் பேக்கேஜ் வகை) இருக்கிறதா என்று தேடுங்கள்.

*டெபியன் 12-க்கு ஏறும்போது 'யூஎஸ்ஆர்மெர்ஜ்' தோல்வி.* பல ஆண்டுகளாக அப்கிரேட் செய்தே வந்த கணினிகளில் '/பின்' உள்ளேயும் '/யூஎஸ்ஆர்/பின்' உள்ளேயும் ஒரே பெயரில் வேறு வேறு ஃபைல் இருக்கும். எந்த ஃபைல் என்று செய்தியிலேயே சொல்லும். 'டிபிகேஜி -எஸ்' கொடுத்து, இரண்டில் எது பேக்கேஜுக்குச் சொந்தம் என்று பார்த்து, மற்றதை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். இங்கே 'எஸ்' மட்டும் பேரெழுத்து.

இத்தனைக்குப் பிறகும் 'லிப்சி6' பேக்கேஜே உடைந்திருப்பதாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதில் தவறினால் எந்தக் கட்டளையும் ஓடாது. டேட்டாவை எடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஒரு பேக்கேஜ் கேட்டால், டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாகச் சொல்கிறது

'ஒய்' அழுத்தாதீர்கள். நீக்கப்படும் பட்டியலை மேலே நகர்த்தி முழுசாகப் படியுங்கள். கட்டளையில் '-எஸ்' சேர்த்தால் எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும்: 'ஆப்ட் -எஸ் இன்ஸ்டால்', பின்னால் பேக்கேஜ் பெயர்.

2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப்போய் டெஸ்க்டாப் முழுக்க நீங்கியதை ஒரு யூடியூப் சேனலில் உலகமே பார்த்தது. ஆப்ட் எச்சரித்தது, பட்டியலும் காட்டியது. முழு வாக்கியம் ஒன்றைத் தட்டி ஒப்புக்கொண்ட பிறகுதான் நீக்கியது.

பட்டியலில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*'ஐ386' என்று முடியும் பெயர்கள் நிறுவும் பட்டியலில் இருந்தால்:* 32-பிட் லைப்ரரியும் 64-பிட் லைப்ரரியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். உங்கள் 64-பிட் லைப்ரரி ஏதோ ஒரு பிபிஏ-விலிருந்து புதிதாக வந்திருக்கும், 32-பிட் பழையதாக நிற்கும். புதியதைத் தூக்கினால்தான் பழையதை வைக்க முடியும் என்று ஆப்ட் கணக்குப் போடுகிறது. பிபிஏ-வை விலக்கி 64-பிட்டை அதிகாரபூர்வப் பதிப்புக்கு இறக்குங்கள், பட்டியல் சுருங்கிவிடும்.

*'சிஸ்டம்டி-சிஸ்வி', 'லிப்பேம்-சிஸ்டம்டி' நீக்கும் பட்டியலில் இருந்தால்:* நீங்கள் கேட்ட பேக்கேஜ் இனிட்டை மாற்றப் பார்க்கிறது. 'சிஸ்டம்டி-சிஸ்வி'யும் 'சிஸ்விஇனிட்-கோர்'உம் ஒரே கணினியில் சேர்ந்து இருக்க முடியாது. முதலாவது போனால் 'லிப்பேம்-சிஸ்டம்டி' போகும். அது தரும் லாகின் சேவையை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பேக்கேஜுகள் கூடவே போகும்.

மாற்றும் எண்ணம் இல்லாமல் இது வந்தால், டெவுவான் ரெப்போவின் வரியோ வேறு யாரோ கொடுத்த வரியோ சோர்சஸ் லிஸ்ட்டில் நுழைந்திருக்கும். எடுத்துவிடுங்கள்.

உண்மையிலேயே மாற்ற வேண்டும் என்றால், அந்த லாகின் சேவையைத் தரும் மாற்று முதலில் உள்ளே வரவேண்டும். அதாவது 'ஈலாகின்டி', 'லிப்பேம்-ஈலாகின்டி', 'சிஸ்விஇனிட்-கோர்' மூன்றையும் ஒரே கட்டளையில், ஒத்திகையாகக் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்பில் நீக்கும் பட்டியல் சிறிதாக வந்தால் தொடரலாம். ஜினோம் டெஸ்க்டாப்பில் இதைச் செய்யாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

சிஸ்டம்டி வேண்டாம் என்ற முடிவை மதிக்கிறேன். 2014-இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு அதைத் தேர்ந்தெடுத்தபோது டெபியனுக்குள்ளேயே கடும் விவாதம் நடந்தது, அதிலிருந்தே டெவுவான் பிறந்தது. ஆனால் அந்தத் தேர்வை நிறுவும் நாளிலேயே செய்யுங்கள். டெவுவானோ ஆன்டிஎக்ஸோ போட்டால் சார்புகள் முதலிலிருந்தே அதற்கேற்ப அமைந்திருக்கும். கடை நடக்கும் கணினியில் நடுவில் மாற்றினால் ஒவ்வொரு பெரிய அப்கிரேடிலும் நீங்களே காவல் இருக்க வேண்டும்.

*ஏற்கெனவே 'ஒய்' அழுத்தியாகிவிட்டது என்றால்:* ரீபூட் செய்யாதீர்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி உள்ளே நுழையுங்கள். '/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்' ஃபைலின் கடைசிப் பகுதியில் 'ரிமூவ்' என்று தொடங்கும் வரியில் போனது எல்லாம் இருக்கும். அதைப் பார்த்துத் திரும்ப நிறுவலாம். நெட்வொர்க் மேனேஜரும் போய்விட்டால் போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுங்கள். 'ஐபி லிங்க்' காட்டும் புதுப் பெயரைச் சேர்த்து 'டிஹெச்கிளையன்ட்' (புதிய வெளியீடுகளில் அதற்குப் பதில் 'டிஹெச்சிபிசிடி') கொடுத்தால் பெரும்பாலும் நெட் வந்துவிடும். பூட்டே ஆகவில்லை என்றால் லைவ் யூஎஸ்பியில் ஏற்றி, பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, 'சிஎச்ரூட்' (டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழையும் கட்டளை) வழியாக இதே வேலையைச் செய்ய வேண்டும். பழக்கம் இல்லாதவர் இங்கே ஆள் கூப்பிடுவது நல்லது.

அறிகுறி: 'சிஸ்டம்சிடிஎல்' கொடுத்தால், கணினி சிஸ்டம்டியில் பூட் ஆகவில்லை என்கிறது

இது கோளாறே இல்லை. வேறு இனிட்டில் இருந்துகொண்டு சிஸ்டம்டி கட்டளை கொடுத்திருக்கிறீர்கள்.

எம்எக்ஸ் 21, 23 என்றால் இயல்பாக சிஸ்வி-இனிட்டில்தான் ஏறும். 'சூடோ சர்வீஸ் கப்ஸ் ரீஸ்டார்ட்' போல சர்வீஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள் (கப்ஸ் என்பது பிரிண்ட் சேவை). சிஸ்டம்டி கட்டாயம் வேண்டும் என்றால் பூட் தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய் சிஸ்டம்டி வரியைத் தேர்ந்தெடுக்கலாம், எதையும் நீக்கத் தேவையில்லை. ஸ்னாப் பேக்கேஜுகள் சிஸ்டம்டி இல்லாமல் ஓடாது. ஃபிளாட்பேக் ஓடும்.

கல்லூரி மாணவர்கள் விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு இதே செய்தியோடு வருவார்கள். '/ஈடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப்' ஃபைலில் 'பூட்' தலைப்பின் கீழ் 'சிஸ்டம்டி=ட்ரூ' என்று எழுதி, விண்டோஸ் பக்கத்திலிருந்து 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்' கொடுத்துத் திறந்தால் போதும். 2022-க்கு முந்தைய டபிள்யூஎஸ்எல் என்றால் முதலில் அதை அப்டேட் செய்யுங்கள்.

அறிகுறி: பழைய லேசர் பிரிண்டர் நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

ஒத்தக்கடைப் பக்கம் கோர்ட் வேலை பார்க்கும் டைப்பிங் கடைகளில் இதற்குத்தான் அவசர போன் வரும். மனு தயாராக இருக்கும், பிரிண்ட் வராது. இந்த வகைச் சின்ன லேசர் பிரிண்டர்களின் டிரைவர் 32-பிட்டில் எழுதப்பட்டது, கூடவே பழைய இனிட் ஸ்கிரிப்டாக ஒரு பின்னணிச் சேவையும் வரும். அதனால் சார்புச் சிக்கலும் இனிட் சிக்கலும் ஒரே பெட்டியில் சேர்ந்து நிற்கும்.

முதலில் கேபிள். 'எல்எஸ்யூஎஸ்பி' பட்டியலில் பிரிண்டர் இல்லை என்றால் போர்ட்டை மாற்றுங்கள், கேபிளை மாற்றுங்கள். அடுத்து 'எல்பிஸ்டாட் -டி'. கியூ நின்றிருந்தால் 'கப்ஸ்எனேபிள்' கொடுத்து பிரிண்டர் பெயரைச் சேருங்கள்.

கியூ சரி, பிரிண்டரும் தெரிகிறது, பேப்பர் மட்டும் வரவில்லை என்றால் பின்னணிச் சேவையைக் கையால் ஓட்டுங்கள். இங்கே ஒரு குழப்பமான செய்தி வரும்: ஃபைல் கண்ணெதிரே இருக்கும், ஓட்டினால் 'நோ சச் ஃபைல்' என்று சொல்லும். அந்த 32-பிட் புரோகிராமை ஏற்றிவிடும் லோடர் இல்லை என்பதே அதன் பொருள். 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386' கொடுத்து, அப்டேட் செய்து, 'லிப்சி6:ஐ386' நிறுவுங்கள். பிறகு 'எல்டிடி' கொடுத்து 'நாட் ஃபவுண்ட்' என்று காட்டும் லைப்ரரிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு தடவையும் நீக்கும் பட்டியலைப் படியுங்கள்.

கையால் ஓட்டினால் பிரிண்ட் வருகிறது, ரீபூட் செய்தால் நின்றுவிடுகிறது என்றால் இனிட் பக்கம் கோளாறு. பழைய ஸ்கிரிப்டின் தலையில் எல்எஸ்பி குறிப்புகள் இல்லாததால் எதற்குப் பிறகு தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குத் தெரியாது. கப்ஸ் எழுமுன்பே தொடங்கிச் செத்துப்போகும். '/ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்' அடைவில் ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதிவிடுங்கள்: 'யூனிட்' பகுதியில் 'ஆஃப்டர்=கப்ஸ்.சர்வீஸ்', 'சர்வீஸ்' பகுதியில் 'டைப்=ஃபோர்க்கிங்' என்பதும் 'எக்செக்ஸ்டார்ட்' வரியில் புரோகிராமின் முழுப் பாதையும், 'இன்ஸ்டால்' பகுதியில் 'வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்'. இந்த ஃபைலில் பகுதிப் பெயர்களும் '=' குறிக்கு முன்னால் உள்ள பெயர்களும் பேரெழுத்தில் தொடங்க வேண்டும், 'எக்செக்ஸ்டார்ட்', 'வான்டட்பை' இரண்டிலும் 'ஸ்டார்ட்', 'பை' என்பவையும் அப்படியே. பிறகு 'சிஸ்டம்சிடிஎல்' உடன் 'டீமன்-ரீலோட்', 'எனேபிள் --நவ்'. இந்தப் பழைய ஸ்கிரிப்டுகளுக்கான ஆதரவைக் கைவிடப்போவதாக சிஸ்டம்டி திட்டம் அறிவித்துவிட்டதால் இதை இப்போதே செய்து வைப்பது நல்லது. சிஸ்வி-இனிட்டிலும் எல்எஸ்பி குறிப்புகளைச் சேர்த்துவிட்டு 'அப்டேட்-ஆர்சி.டி' கொடுத்துப் பதிய வேண்டும்.

இதற்கு மேல் செலவு என்றால் டிரைவர் தேவைப்படாத, ஐபிபி எவ்ரிவேர் ஆதரிக்கும் பிரிண்டர்தான். நாளெல்லாம் பிரிண்ட் எடுக்கும் கடைக்கு அதையே சொல்வேன்.

அறிகுறி: சிஸ்வி-இனிட்டுக்கு மாறிய பிறகு ஷட்டவுன் பட்டன் மங்கல், பென்டிரைவ் திறக்க மறுக்கிறது

'லாகின்சிடிஎல்' அடியுங்கள். உங்கள் பெயரில் ஒரு செஷன் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஈலாகின்டியோ 'லிப்பேம்-ஈலாகின்டி'யோ இல்லை, நிறுவிவிட்டு வெளியேறித் திரும்ப லாகின் செய்யுங்கள். செஷன் இருந்தும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் 'சர்வீஸ் டிபஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள், அனுமதி தரும் 'போல்கிட்டி' இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு சேவை மட்டும் தொடங்கவே இல்லை என்றால் அதன் பேக்கேஜில் இனிட் ஸ்கிரிப்ட் நீக்கப்பட்டிருக்கும். டெபியனில் அப்படி விடுபட்டவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் பேக்கேஜ் 'ஆர்ஃபன்-சிஸ்விஇனிட்-ஸ்கிரிப்ட்ஸ்'.

அறிகுறி: பூட் ஆகும்போது 'ஸ்டார்ட் ஜாப்' என்று ஒன்றரை நிமிடம் நிற்கிறது, அல்லது எமர்ஜென்சி மோடில் விழுகிறது

சிஸ்டம்டி மேல் பழி விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் '/ஈடிசி/எஃப்எஸ்டேப்' ஃபைலில் எழுதியிருக்கும் டிஸ்க்குக்காகத்தான் அது காத்திருக்கிறது.

முதல் கேள்வி: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினீர்களா? அந்த வரியில் 'நோஃபெயில்' சேர்த்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரும்.

இரண்டாவது: பக்கத்தில் இன்னொரு லினக்ஸ் நிறுவினீர்களா? அது ஸ்வாப் பகுதியை ஃபார்மட் செய்து அதன் அடையாள எண்ணான யூயூஐடியை மாற்றியிருக்கும். 'பிஎல்கேஐடி' காட்டுவதையும் எஃப்எஸ்டேப்பில் இருப்பதையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். '/ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம்' ஃபைலிலும் அதே எண் இருந்தால் அங்கேயும் மாற்றி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' கொடுங்கள். எமர்ஜென்சி மோடில் எந்த மவுன்ட் தோற்றது என்பதை 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்' ஒரே திரையில் சொல்லிவிடும்.

மூன்றாவது: கரண்ட் போய் வந்த பிறகு டிஸ்க்கில் உள்ள ஃபைல் பிழைகளைத் திருத்தும் 'எஃப்எஸ்சிகே'யைக் கையால் ஓட்டச் சொல்கிறதா? ஒரு தடவை என்றால் ஓட்டுங்கள். அடிக்கடி வந்தால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' கொடுத்து 'ரீஅலொகேட்டட்', 'பென்டிங்' என்ற இரண்டு வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். கூடிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. அதன்மேல் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள், எதையும் நிறுவாதீர்கள். அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: பழைய மடிக்கணினி மெதுவாக இருக்கிறது, சிஸ்டம்டியை எடுத்தால் வேகமாகுமா?

அரசின் விலையில்லா மடிக்கணினியைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவரும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. இனிட்டை மாற்றினால் பூட்டில் சில நொடி மிஞ்சலாம். நினைவகத்தைத் தின்பது பிரவுசரும் டெஸ்க்டாப்பும்தான். எளிய டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள், முடிந்தால் ராம் கூட்டுங்கள், ஹார்ட் டிஸ்க்கை எடுத்து எஸ்எஸ்டி போடுங்கள். எஸ்எஸ்டி தரும் வேகத்தை எந்த இனிட்டும் தராது. ஒன்றை மட்டும் முன்பே பாருங்கள்: டெபியன் 13-இல் 32-பிட் இன்ஸ்டாலரும் கர்னலும் கிடையாது. 'எல்எஸ்சிபியு' 64-பிட் காட்டாத கணினியில் அதை முயலாதீர்கள்.

ஆளிடம் கொடுக்கும்போது

கடையில் கொடுத்தால் முதலில் வரும் பதில் "ஃபார்மட் பண்ணிரலாம்" என்பதுதான். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் லைவ் யூஎஸ்பியில் ஏற்றி ஹோம் அடைவை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். மறைகுறியாக்கிய டிஸ்க் என்றால் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், அது இல்லாமல் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பிழைச் செய்தியைப் போனில் முழுத் திரையாகப் படமெடுங்கள், பாதி வரி போதாது. ஆப்டின் ஹிஸ்டரி லாக் ஃபைலையும் சோர்சஸ் லிஸ்ட்டையும் பென்டிரைவில் காப்பி செய்து கூடவே கொடுங்கள். கடைசியாக என்ன நிறுவினீர்கள், எப்போது கரண்ட் போனது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.